சேம அச்சு

தஞ்சோங் மாலிம் என்றதும் தமிழாசிரியர்களின் நினைவுக்கு முதலில் வருவது கல்விதான். 1922-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, இன்று தமிழ்மொழிக் கல்வியையும் கற்பித்து வருகிறது. பெர்ணம் ஆற்றின் இக்கரையில் பேராக், அக்கரையில் சிலாங்கூர் என எல்லையில் அமைந்த இவ்வூருக்கு இன்னொரு முகமும் உண்டு. அது சக்கரங்களின் முகம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமை பெறுவதற்கு முன், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடிய வண்டிகள் பழைய கூட்டரசுச் சாலை வழியாக இவ்வூரைத் தொட்டே சென்றன. இவ்வூரில் இருந்துகொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் தட்டை லோரி ஓட்டியவன் என்ற முறையில், அந்த முகத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

என் தந்தையார் பால்மரம் சீவியவர். அவர் தலைமுறையின் கண்முன்னேதான், 1950-களிலும் 1960-களிலும், பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. எஞ்சிய தோட்டங்களிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர்ச் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகளில் படிப்பு கைகொடுத்தவர்கள் பேனாவைப் பிடித்தனர். கைகொடுக்காதவர்களில் பலர் லோரியின் சக்கரத்தைப் பிடித்தனர். நான் இரண்டாம் வகை. தந்தையாரின் உலகம் தோட்டத்து எல்லைக்குள் அடங்கியது. என் உலகம் பிறை முதல் ஜொகூர்வரை நீண்டது. ஆயினும் எங்கள் இருவரின் வாழ்வையும் தராசே அளந்தது. அவர் கொண்டுவந்த பாலை நிறுத்து அன்றைய கூலியைக் கணக்கிட்டனர். நான் ஏற்றிச் செல்லும் சரக்கின் எடையும் பயணக் கணக்கும் என் கூலியை முடிவு செய்தன. இரு தராசிலும் முள்ளைப் பார்த்தவர் வேறொருவர்.

தட்டை லோரி என்பது எது? பெட்டி லோரிக்குக் கதவு உண்டு. மணல் லோரிக்குப் பக்கச்சுவர் உண்டு. தட்டை லோரிக்கு நீண்ட தளமும், ஓட்டுநர் அறைக்குப் பின்னே ஒரு தடுப்பும் மட்டுமே உண்டு. இரும்புக் கம்பி, குழாய், மண்வாரி இயந்திரம், பாலத்துக்கான சிமிந்தி உத்தரம் முதலிய, பெட்டிக்குள் அடங்காத பொருள்களை அதுவே சுமக்கும். பிறையிலுள்ள எஃகாலைகளிலிருந்து பன்னிரண்டு மீட்டர் நீளக் கட்டுமானக் கம்பிகளை ஏற்றிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இறக்குவதே என் பெரும்பான்மைப் பணி. சாலையில் செல்வோர் எங்களை ஓட்டுபவர்கள் என்று எண்ணுகின்றனர். உண்மையில் நாங்கள் முதலில் கட்டுபவர்கள். அதன் பிறகே ஓட்டுபவர்கள்.

இரும்பின்மேல் இரும்பை வைத்தால் வழுக்கும். ஆகவே இடையே மரக்கட்டைகள் கொடுக்க வேண்டும். சங்கிலியைக் குறுக்கே போட்டு இறுக்க வேண்டும். புறப்பட்டுச் சில கல் தொலைவு சென்றதும் ஓரமாக நிறுத்தி, மீண்டும் இறுக்க வேண்டும். ஏனெனில் வண்டியின் குலுக்கலில் சரக்கு அமர்ந்துகொள்ளும். அது அமர்ந்த அளவுக்குச் சங்கிலி தளர்ந்திருக்கும். கட்டு தளர்ந்த வண்டியைச் சட்டென நிறுத்தினால், வண்டி நிற்கும், கம்பி நிற்காது. அது ஓட்டுநரின் முதுகை நோக்கியே வரும். தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதை மறவாமல் முன்னால் பார்த்துச் செல்வதே இத்தொழிலின் முதற்பாடம்.

இரண்டாம் பாடத்தைச் சரிவு கற்பிக்கும். ஈப்போவுக்கு வடக்கே, மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து ஜெலாப்பாங் நோக்கி நெடுஞ்சாலை நெடுந்தொலைவு இறங்குகிறது. அச்சரிவின் அடியில் முன்பு ஒரு சுங்கச்சாவடி இருந்தது. இறங்கிவரும் கனரக வண்டிகளுக்கு அவ்விடம் ஆபத்தானது என்பதால் பின்னர் அகற்றப்பட்டது. பிரேக்கை மட்டும் நம்பி அங்கே இறங்கலாகாது. விடாமல் மிதித்தால் பிரேக் சூடேறும். சூடேற ஏறப் பிடி குறையும். மலையுச்சியிலேயே கியரைக் குறைத்து, இயந்திரத்தின் தடுப்பாற்றலால் வண்டியை அடக்கி இறங்க வேண்டும். வேகம் இரட்டித்தால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். இந்தக் கணக்கை நான் பள்ளியில் படித்ததில்லை. என் பாதம் படித்திருக்கிறது.

இரவுகளில் தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, இருக்கைக்குப் பின்னுள்ள குறுகிய பலகையில் உறங்குவேன். மின்னல் பண்பலையில் பழைய பாட்டு ஒலிக்கும். வீடு தொலைவில் இல்லை. தஞ்சோங் மாலிம் ஒரு மணி நேரப் பயணந்தான். ஆனால் விடியலுக்குள் சரக்கை இறக்கியாக வேண்டும். என் பிள்ளைகள் வளர்ந்ததை உறக்கத்தில் கிடந்த அவர்களின் கால்நீளத்தைக் கொண்டே நான் அறிந்தேன்.

இவை தொழிலின் இயல்பான சுமைகள். இவற்றினும் கடியது ஒன்று உண்டு. ஒருமுறை ஒரு கிடங்கில், அனுமதித்த எடைக்கு மேலாக இரண்டு கட்டுக் கம்பிகளை ஏற்றிவிட்டனர். அவற்றை இறக்கினாலன்றி வண்டியை எடுக்க இயலாது என்றேன்.

“தம்பி, எல்லாரும் ஏத்திக்கிட்டுத்தானே போறாங்க? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?” என்றார் மேற்பார்வையாளர்.

“சரிவுல இறங்கப் போறது நான்தானேண்ணே,” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சாவியை என்னிடமிருந்து வாங்கி மற்றோர் ஓட்டுநரிடம் கொடுத்தார். அந்த நண்பர் அன்றிரவே புறப்பட்டார். மறுநாள் நலமாகத் திரும்பியும் வந்தார். எனக்கு இரண்டு நாள் பயணப்பணம் போயிற்று. சிலரின் ஏளனம் வந்து சேர்ந்தது. நான் சொன்னது சரியென்று காட்ட எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தானே மறுத்தேன்? நேராத விபத்துக்குச் சாட்சி இல்லை. அதைத் தடுத்தவனுக்கு நற்சான்றிதழும் இல்லை. இத்தொழிலில் நேர்மை என்பது இத்தகைய தனிமைதான்.

பின்னாளில் ஓர் ஆசிரிய நண்பர் புறநானூற்றின் 102-ஆம் பாட்டை எனக்கு விளக்கினார். ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடியது அது. மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சிய உப்பு வணிகர், தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றனராம். அந்தச் சேம அச்சே அவ்வீரனுக்கு உவமை. வள்ளுவரோ வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் வண்டியைக் காட்டுகிறார். அச்சைப் பற்றி இவ்வளவு அறிந்த மொழி நம் மொழி என்று அன்றுதான் உணர்ந்தேன். முற்காலத்து உமணரே பாரத்தையும் ஏற்றினர், அச்சையும் காத்தனர். இன்று ஏற்றுபவர் ஒருவர், இலாபம் பெறுபவர் ஒருவர், பள்ளத்தில் இறங்குபவர் இன்னொருவர்.

இதன் விலையை 2025-ஆம் ஆண்டு நாடே கண்டது. மே 13 அன்று தெலுக் இந்தான் அருகே, கற்கள் ஏற்றிய லோரி ஒன்று காவல்துறையின் கலகத் தடுப்புப் படை வண்டியோடு மோதியதில் 9 காவலர்கள் மாண்டனர். அனுமதிக்கு மிஞ்சிய பாரமும் விசாரணையில் வெளிப்பட்டது. ஜூன் 9 அன்று கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து, தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்த 15 மாணவர்கள் உயிரிழந்தனர். ஆசிரியர்களாக வேண்டிய பிள்ளைகள்! எங்கள் ஊர் அன்று வாய்விட்டு அழுதது. அதன்பின் கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, 2025 அக்டோபர் முதல் கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டுநரை மட்டுமின்றி நிறுவனத்தையும் கேள்வி கேட்கும் வழக்கம் வலுப்பெற்றது.

இவை வரவேற்கத் தக்கவை. ஆயினும் அக்கருவி இயந்திரத்திற்குச் செல்லும் எரிபொருளைத்தான் கட்டுப்படுத்தும். சரிவில் பாரமே வண்டியைத் தள்ளும்போது அதனால் என்ன செய்ய இயலும்? அங்கே பாரத்தின் அளவும், பிரேக்கின் நலமும், ஓட்டுநரின் உறக்கமுமே காக்க வேண்டும். பயணங்களின் எண்ணிக்கையால் கூலி கணக்கிடப்படும்வரை, உறங்கும் நேரம் ஓட்டுநருக்கு இழப்பாகவே தோன்றும். அடிப்படைச் சம்பளம் போதுமானதாக இருந்தால், “இறக்குங்கள்” என்று சொல்லும் துணிவு எல்லா ஓட்டுநருக்கும் வரும். இன்றைய வண்டிக்கு அதுவே சேம அச்சு.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வலியறிதலை வகுப்பில் நடத்தும்போது, மயிற்பீலி வண்டியை உவமை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் மாணவருள் லோரி ஓட்டுநரின் பிள்ளை எவரேனும் இருந்தால், அப்பாவிடம் அச்சைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள். உறங்கி எழுந்ததும் அவர் நெடுநேரம் சொல்வார்.