தோற்றாலும் ஒரு புள்ளி

கப்பு வாங்கிய அணியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் எழுதுவது கடைசி இடம் வாங்கிய அணியைப் பற்றி. 2019 புரோ கபடி லீக்கில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்த நம்ம தமிழ் தலைவாஸ்!

2017, 2018 இரண்டு வருஷமும் தன் பிரிவில் கடைசிதான். 2019-ல் அணியில் பெரிய பெரிய ஆட்கள் இருந்தார்கள். கேப்டன் அஜய் தாக்கூர், பிடிக்க மஞ்சீத் சில்லர், போதாததற்கு ஆறு சீசன் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் பாடிய ராகுல் சௌத்ரி. ஜூலை 21-ல் முதல் ஆட்டமே அந்த டைட்டன்ஸோடு, அதுவும் ஹைதராபாத்தில். 39-26! ராதாபுரம் பக்கம் எங்க ஊர் டீக்கடையில் அன்றைக்கு ஒரே கூச்சல். "இந்தத் தடவ கப்பு நமக்குத்தாம்லே!"

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. 22 ஆட்டத்தில் வெற்றி 4, சமன் 3, தோல்வி 15. நடுவிலேயே பயிற்சியாளர் பாஸ்கரன் விலகி உதயகுமார் வந்தார். டீக்கடை டி.வி.யில் சேனல் மாறிவிட்டது.

கடைசியில் கிடைத்த புள்ளி 37. டிப்ளமோ படிக்கிற நாம் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமே! அப்போது வெற்றிக்கு 5, சமனுக்கு 3. ஆக 20-ம் 9-ம் 29. மீதி 8? ஏழு புள்ளிக்குள் தோற்றால் அப்போது ஆறுதலாக ஒரு புள்ளி தந்தார்கள். அதாவது பதினைந்து தோல்வியில் எட்டு, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. மற்ற ஏழும் சரியான அடி, அதை மறைப்பானேன்.

"எல்லாம் வடக்கத்தி ஆளு, அதாம் தோக்கானுவ" என்றார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கோயில் கொடைப் போட்டிகளில் ஆடும் எங்க பெரியப்பா மகன் சொன்னதுதான் சரியாகப் பட்டது: "ஏல, ஒவ்வொருத்தனும் நல்லாத்தான் ஆடுதான். பிடிக்கையில கூட ஒரு கை வரல, பாத்தியா?"

எல்லாரும் விட்ட பிறகும் அண்ணன் விடவில்லை. அணியில் நம்ம ஊர்ப் பையன் வி. அஜித்குமார் இருந்தார். அவர் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது கால் எப்படிப் போகிறது என்று பார்த்து மறுநாள் காலையில் மண்ணில் பழகுவான். லீக்கும் மேட்டும் இல்லாத காலத்திலேயே மணத்தி கணேசன் 1995-ல் அர்ஜுனா விருது வாங்கியது இந்தப் பக்கத்து மண்ணிலிருந்துதானே! ஆனால் நம்ம பெயர் வைத்த அணியில் நம்ம பையன்களுக்கு எத்தனை இடம் என்பதுதான் அண்ணனின் கவலை. கொரோனாவுக்குப் பிறகு 2021 டிசம்பரில் போட்டி தொடங்கியபோது அஜித்குமார் யு மும்பாவில். அண்ணன் மும்பா ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தான்!

2022-ல் 2.26 கோடிக்கு வந்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே காயம். 'போச்சு, மறுபடி கடைசி' என்றிருந்தோம். ஹரியானாப் பையன் நரேந்தர் 200 புள்ளிக்கு மேல் பாடி எடுத்து, தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதி! புனேயிடம் 37-39. இரண்டே புள்ளி. ஆனால் அரையிறுதியில் தோற்றால் அந்த ஆறுதல் புள்ளியும் கிடையாதாம்!