மூக்குச் சில்லு

உணவகத்தில் வேலை செய்யும் அகதிக்கு ஒப்பந்தத்தில் எழுதப்படாத வேலைகளும் உண்டு. முதலாளியின் வீட்டு முற்றத்தில் பனி அள்ளுவது, அவருடைய பழைய சோபாவை மாடியிலிருந்து இறக்குவது, குளிர் தொடங்குமுன் அவருடைய படகைக் கடலிலிருந்து கரையேற்றுவது. நோர்வேயின் மேற்குக் கரையில் நாங்கள் 4 பேர் வேலை செய்யும் கடையில் இந்தக் கடைசி வேலை ஒக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் வரும். திங்களில் கடை பூட்டு. எங்களுக்கு விடுமுறை, ஆகவே முதலாளிக்கு வசதி.

படகு ஏற்றும் ரெயிலரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காரில் கொழுவும் முனையில் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். அதன் தலையில் ஒரு கைபிடி. சுற்றினால் குழாய் ஏறும், இறங்கும். அடியில் ஒரு சின்னச் சில்லு. காரைக் கழற்றிய பிறகு ரெயிலரின் முன்பாரத்தைத் தாங்குவது அதுதான். நோர்வேக்காரர் இதை 'நேசெயூல்' என்கிறார்கள். மூக்குச் சில்லு என்று அர்த்தம். சில்லைப் பிடித்திருக்கும் கவடு எல்லாப் பக்கமும் சுழலவேண்டும். சுழன்றால்தான் ஆட்கள் தள்ளி ரெயிலரை வளைத்துக் கொட்டிலுக்குள் விடலாம். கடந்த வருடம் அது சுழலவில்லை. நேரே பார்த்தபடி இறுகி நின்றது. நாங்கள் பக்கவாட்டில் தள்ளத் தள்ள, சில்லு சரளைக்கல்லை உழுததே தவிரத் திரும்பவில்லை.

முதலாளி சுத்தியலை எடுத்து வந்தார். படகும் இயந்திரமும் மேலே இருக்க, கவட்டில் இரண்டு போடு போட்டால் இளகிவிடும் என்பது அவர் கணக்கு. சுத்தியலை எங்களில் ஒருவனிடம் நீட்டினார். அப்போதுதான் அண்ணை "நை" என்றார். 11 வருடத்தில் முதலாளியைப் பார்த்து அவர் சொன்ன முதலாவது 'இல்லை' அது. பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"பாரத்தை வைச்சுக்கொண்டு அடிச்சால் சில்லு திரும்பாது, குழாய்தான் வழுக்கும். ஆற்றையும் கால் போகும். முதல்ல மூக்குக்குக் கீழை கட்டை வையுங்கோ."

அண்ணை மயிலிட்டி. 1990 ஜூனில் ஊரை விட்டு வெளியேறியபோது அவருக்கு 17 வயது. அதற்குள் தகப்பனோடு கடலுக்குப் போய்வந்தவர். மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் விட்டுக்கொடுத்தது 2017 ஜூலையில். 27 வருடங்களுக்குப் பிறகு. அதை அவர் தொலைபேசியில் படமாகத்தான் பார்த்தார். எங்கள் கடையில் அவர் பாத்திரம் கழுவுகிறவர். மீனை எங்கே வெட்டினால் முள்ளு கழரும் என்று கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் பேசமாட்டார். வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் வேலை என்பது முதலாளியின் வாயில் இருக்கிறது. பேசாமலிருப்பதற்கு அது போதும். எங்களில் இன்னொருவன் மனைவியை இங்கே கூப்பிட வருமானம் காட்டவேண்டியவன். சுத்தியல் நீட்டப்பட்டது அவனிடம்தான். அவனால் மறுத்திருக்க முடியாது.

ரெயிலரின் இரண்டு பெரிய சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் அடை கொடுத்தோம். காரின் ஜக்கால் மூக்கைத் தூக்கி, அதன் கீழ் மரக்கட்டைகளை அடுக்கி, பாரத்தைக் கட்டையில் இறக்கினோம். இப்போது மூக்குச் சில்லு அந்தரத்தில் நின்றது. அண்ணை மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தார். சில்லைக் கையால் உருட்டினார், உருண்டது. மேலே கைபிடியைச் சுற்றினார், சுற்றியது. கவட்டைப் பிடித்துத் திருப்பினார், அசையவில்லை. பாரத்தோடு நிற்கும்போது இந்த மூன்றில் எது பழுதென்று ஒருவருக்கும் பிடிபடாது. எல்லாமே இறுக்கமாகத்தான் தெரியும்.

எங்களில் ஒருவன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட காலத்தில் இரண்டாம் வருடத்தோடு விட்டவன். உராய்வு விசை செவ்வன் மறுதாக்கத்துக்கு விகிதசமன் என்று அவன் சோதனையில் எழுதியிருக்கிறான். அண்ணை சொன்னதும் அதுதான். அவர் அதைப் பனங்குற்றிகளின் மேல் வள்ளத்தை உருட்டிக் கரையேற்றிய தோளால் படித்திருந்தார்.

கவடு வளைந்திருந்தால் செப்பனிடப் பார்க்காமல் புதிதே வாங்கவேண்டும். சில்லை மேலே தூக்காமல் வண்டி ஓடினால் வீதியில் அடிபட்டு வளைந்துவிடும். எங்களுடையது வளையவில்லை. கறள்தான். மலிவான மூக்குச் சில்லுகள் பலவற்றில் கவடு சுழலும் இடத்தில் பெயாரிங் கிடையாது. ஒரு இரும்பு அச்சு, அதைச் சுற்றி ஒரு இரும்புக் குழல், அவ்வளவுதான். ரெயிலரைக் கடலுக்குள் இறக்கும்போது உப்புநீர் அந்த இடைவெளிக்குள் போய்விடும். கரையில் மாதக்கணக்காக ஒரே நிலையில் நிற்கும்போது கறள் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கறள் இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம். மிக இறுகியதென்றால் ஒரு இரவு ஊறவிடவேண்டும். எங்களுடையது அரை மணித்தியாலத்தில் அசைந்தது. ஒரேயடியாகச் சுழற்றாமல், ஒரு விரற்கடை அங்கே ஒரு விரற்கடை இங்கே என்று அண்ணை ஆட்டிக்கொண்டேயிருந்தார். சுற்று முழுதாக வந்ததும் நட்டைக் கழற்றி, அச்சைக் கம்பிப் பிரஸ்ஸால் தேய்த்து, பழைய கிறீஸைத் துடைத்து, தண்ணீருக்குக் கழுவுப்படாத படகுக் கிறீஸைப் பூசிப் பூட்டினோம். நட்டையும் அளவாகத்தான் இறுக்கவேண்டும். ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, கவடு தாராளமாகச் சுழலும்வரை கொஞ்சம் தளர்த்தினார். குழாய் சரிந்திருந்ததையும் நிமிர்த்திப் பூட்டினார். குழாய் சரிந்தால் சில்லு எப்போதும் ஒரு பக்கமே விழும். இனிக் கடலில் இறக்கிய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லச் சொன்னார். சொன்னோம்.

கட்டைகளை எடுத்த பிறகும் ஒரு விஷயம் இருந்தது. நின்ற இடத்தில் நின்றபடி எந்தச் சில்லும் பாரத்தோடு லேசில் திரும்பாது. அரை அடி உருட்டிக்கொண்டே திருப்பவேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததே, அப்போது தெரிந்துகொண்டது. கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, கைபிடியில் வாளி. சனநெரிசலில் நின்றுவிட்டால் முன்சில்லைத் திருப்ப முடியாது. முன்னுக்கு நிற்பவர் ஒரு எட்டு வைக்கும்வரை காத்திருக்கவேண்டும். எங்களில் இளையவன் அன்று பாரில் இருந்த பிள்ளை.

ரெயிலர் ஒரே வளைவில் கொட்டிலுக்குள் போனது. "கெட்டிக்காரர்கள்" என்றார் முதலாளி. புதிது வாங்கும் சில நூறு குரோணர் அவருக்கு மிச்சம். இதற்கு முந்திய வருடங்களிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார், அந்தச் சொல்லோடு நாங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறோம்.

மாத முடிவில் வேலைநேரத் தாள் வந்தது. திங்கட்கிழமைக் கட்டம் எப்போதும் வெறுமையாக இருக்கும். அண்ணை ஈரக்கையைத் துடைத்துவிட்டு அதில் 3 என்று எழுதினார். பிறகு தாளை எங்களிடம் தந்தார். நாங்களும் எழுதினோம். முதலாளி தாளை நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கையெழுத்து வைத்தார். அடுத்த ஒக்டோபரிலும் எழுதுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.