கழித்துப் போட்ட அச்சு

கொழும்பில் ஒருவர் "வென்டுக்குப் போறன்" என்றால் நாடகம் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம். கில்ட்ஃபோர்ட் கிரசன்டில் உள்ள லயனல் வென்ட் அரங்கின் படிகளில் நானும் பல வருடம் ஏறி இறங்கியவன். லயனல் வென்ட் என்பவர் யாரோ ஒரு பணக்காரர், கட்டடத்துக்குக் காசு கொடுத்திருப்பார் என்பதற்கு மேல் யோசித்ததில்லை. பிறகு ஒரு மழைநாளில், நண்பர் வீட்டில் அவருடைய படங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது.

ஓர் ஆணின் வெற்றுடம்பு. உடம்பின் ஓரம் நெடுக, கூரிய பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கோடு. அது வரைந்த கோடு அல்ல. அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் படம் கழுவப் பழகினேன். கலியாணப் படம் ஒன்று டிவலப்பர் தட்டில் பாதி எழும்பிக்கொண்டிருந்த நேரம், கதவைத் திறந்த யாரோ வெள்ளை லைட்டைப் போட்டுவிட்டார்கள். பதறி அணைத்தேன். படம் எழும்பியது, ஆனால் வேறு மாதிரி. மாப்பிள்ளையின் வேட்டி சாம்பல் பூத்துக் கறுத்தது. கோட்டும் வேட்டியும் சந்திக்கிற இடத்தில் மட்டும் ஒரு வெளிறிய கீற்று மிஞ்சி நின்றது. "கழிச்சுப் போடு தம்பி, கடதாசி போச்சு" என்றார் முதலாளி. எறிவதற்கு முன் சிவப்பு வெளிச்சத்தில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குச் சோலரைசேஷன் என்று பெயர் இருப்பது அப்போது தெரியாது. பாதி கழுவிய படத்தில் மறுபடி ஒளி பட்டால், அதுவரை கறுக்காத இடங்கள் கறுக்கத் தொடங்கும். முன்பே கறுத்த இடங்களில் மாற்றம் குறைவு. இரண்டுக்கும் எல்லையில் மருந்து சோர்ந்துவிடுவதால் அங்கே ஒரு கோடு தப்பிக்கும். அச்சில் செய்தால் கோடு வெள்ளை. நெகற்றிவில் செய்து அச்சிட்டால் கறுப்பு. 1929 வாக்கில் பாரிஸில் புகைப்படக் கலைஞர்களான மான் ரேயும் லீ மில்லரும் இதை வேண்டுமென்றே செய்யத் தொடங்கினார்கள். சில வருடங்களில் வென்ட் கொழும்பில் செய்துகொண்டிருந்தார். எங்கள் வெக்கையில் மருந்து வேகமாக வேலை செய்யும். தட்டைச் சுற்றி ஐஸ் வைத்துக் கழுவிய ஆள் நான். ஒரு கணம் பிந்தினால் படம் கறுத்துவிடும். வென்டின் கோடுகளில் அந்தத் தடுமாற்றம் இல்லை.

அவர் 1900இல் கொழும்பில் பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை நீதியரசர். இங்கிலாந்தில் சட்டமும் பியானோவும் படித்து 1924இல் திரும்பினார். சட்டத்தை விட்டுவிட்டுப் பியானோ வாசித்தார். 1929இல் சிலி நாட்டுக் கொன்சலாக வெள்ளவத்தைக் கடற்கரையில் தனிமையில் கிடந்த கவிஞர் பாப்லோ நெருடாவுக்கு, வாராவாரம் சைக்கிளில் ஒரு சாக்குப் புத்தகம் அனுப்பியவர் இவர்தான். பசில் ரைட் 1934இல் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் கேட்கும் குரலும் இவருடையது. நவீன ஓவியர்கள் ஒன்றுகூடி '43 குழுவைத் தொடங்கியது இவர் வீட்டில். இத்தனைக்கும் நடுவே, 1930களின் தொடக்கத்திலிருந்து சுமார் பத்து வருடம் மட்டும் தீவிரமாகப் படம் எடுத்தார். 1944 டிசம்பரில் இறந்தபோது வயது 44.

மான் ரேயைப் பார்த்துச் செய்தவர்தானே என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மீனவர், நெல்வயல், புத்தர் சிலை என்று நேராக எடுத்த படங்களிலும் அவர் பெரிய கலைஞர்தான். ஆனாலும் அந்தக் காலத்துச் சிலோன் படங்களில் வழக்கமாக உள்ள அழகுத்தீவுப் பார்வை அவற்றிலும் சில இடங்களில் தட்டுப்படுகிறது. இருட்டறையில் பிறந்த படங்களில் அந்தப் பார்வையே கரைந்துபோய்விடுகிறது. விற்பதற்கு ஒரு தீவும் அங்கே இல்லை. ஓர் உடம்பும், அதன் மேல் விழுந்து பிறகு மனம் மாறிய ஒளியும் மட்டும் இருக்கின்றன. ஆண் உடலை இவ்வளவு வாஞ்சையோடு பார்த்த கண் அன்றைய கொழும்பில் எத்தனை துணிச்சலாக இருந்திருக்க வேண்டும்!

அவர் இறந்த பிறகு நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. நெகற்றிவ் இருந்தால் படம் மறுபடி பிறக்கும். இல்லையென்றால் கையில் உள்ள அச்சுத்தான் கடைசி. 1950இல் லண்டனில் ஒரு தொகுப்பு வந்தது. நூற்றாண்டை ஒட்டி 2000இல் இன்னொன்று. 2017இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கண்காட்சியில் படங்கள் தொங்கின. இன்று மிஞ்சியிருப்பவை தப்பிய அச்சுகள்தான். அவர் பெயரைச் சொல்லி நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் எங்களில் அநேகருக்கு அவர் எடுத்த ஒரு படம்கூட நினைவில் இல்லை.

நான் வேலை பழகிய ஸ்ரூடியோ இப்போது இல்லை. அதன் நெகற்றிவ்கள் இருந்த தகரப் பெட்டிகள் எங்கே போயின என்று அன்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். உங்கள் ஊரில் பழைய ஸ்ரூடியோ ஒன்றைப் பூட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய், நெகற்றிவ் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பழுதென்று ஒதுக்கிய அச்சுகள் மூலையில் கிடந்தால் அவற்றையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.