ஒரு மீற்றர்க் கலம்

வல்வெட்டித்துறையிற் பிறந்தோர் கப்பலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அன்னபூரணியிலேயே வந்து முடிப்பர். 1930ஆம் ஆண்டில் எங்கள் கரையிலே கட்டப்பெற்ற அப்பாய்க்கப்பல் 89 அடி நீளமும் 19 அடி அகலமும் உடையது. வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை வாங்கிப் புதுப்பெயர் சூட்டினார். எம்மூர் மாலுமிகள் செலுத்திச் சென்ற அக்கலம் 1938 ஆகஸ்ட் மாதத்தில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது.

இக்கதையை எனக்குச் சொன்னவர் என் அம்மப்பா. அவர் ஓடாவி. ஆயினும், நான் அறிந்த காலத்தில் அவர் உளியைத் தொட்டதில்லை. பாய்க்கப்பல்கள் மறைந்தன; கண்ணாடியிழை வள்ளங்கள் வந்தன; மரக்கலம் கட்டுவிப்பார் அருகினர். தொழிலைப் பற்றிக் கேட்டால், "அந்தக் கணக்கு என்னோடையே போகட்டும் மோனை" என்பார். அச்சொல் என் நெஞ்சை உறுத்திக்கொண்டேயிருந்தது.

பல்கலைக்கழகத்தில் உடன்பயிலும் நண்பன் ஒருவன், வானலையால் இயக்கப்படும் பந்தயப் பாய்க்கலம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்தான். அவனோடு போட்டியிட நானும் ஒன்று கட்டுவதெனத் துணிந்தேன். எவ்வகைக் கலத்தைக் கட்டுவது என்பதே முதல் வினா. இத்தகைய கலங்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பழையதொன்று மாபிள்ஹெட். 1,270 மில்லிமீற்றர் நீளமுடைய அவ்வகுப்பு 1930இல், அன்னபூரணி பின்னர் சென்றடைந்த அதே மசச்சூசெற்ஸ் கரையோரத்து ஊரொன்றிலே தோன்றியது. ஆனால் இன்று அவ்வகுப்பில் வெல்லுதற்கு விலைமிக்க கார்பன் இழை வேண்டும். அறுபத்தைந்து சென்ரிமீற்றர்ச் சிறுகலங்களுட் பலவோ ஆலையிலிருந்து பெட்டியில் வருவன. அவற்றிற் பூட்டுவதன்றிக் கட்டுவதற்கு ஏதுமில்லை.

எஞ்சியது 1988இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு ஒரு மீற்றர் வகுப்பு. அதன் விதிகளைப் படித்தபோது அவற்றிலே ஒரு நீதி இருப்பதைக் கண்டேன். நீளம் ஒரு மீற்றரை மிஞ்சலாகாது. முழுக்கலத்தின் நிறை நான்கு கிலோகிராமிற் குறையலாகாது. உடலிலும் பாய்மரத்திலும் கார்பன் இழை கூடாது. மரம் கொண்டு கட்டலாம். மிக இலகுவாகக் கட்டியவனும் ஈயத்துண்டு வைத்து நான்கு கிலோவை நிரப்பியே ஆகவேண்டும். பணத்தால் வாங்கும் இலகுத்தன்மைக்கு ஓர் எல்லை இட்டு, கைத்திறனுக்கு இடம் விட்டவர்கள் இவ்விதியை வகுத்தோர்.

ஒட்டுப்பலகையில் வங்குகளை அறுத்து நிறுத்தி, மெல்லிய சீடர்க் கீற்றுகளை அவற்றின்மீது வளைத்து ஒட்டினேன். வலையிற் கட்டும் ஈயமணிகளை உருக்கி, அடித்தகட்டின் கீழே தொங்கும் குண்டினை வார்த்தேன். சுக்கானுக்கு ஒரு விசைப்பொறி, பாய்க்கயிற்றை இழுத்து விடுதற்கு ஒன்று. அவற்றுக்கான பற்றறியை அம்மா கையில் வாங்கி நெடுநேரம் பார்த்திருந்தார். 1990களில் குடாநாட்டுக்குள் வரவொட்டாது தடுக்கப்பட்ட பொருள்களுள் பற்றறியும் ஒன்று. "இப்ப இது விளையாட்டுக்கு" என்று மட்டும் சொன்னார். அம்மப்பா முற்றத்திற் கதிரை போட்டிருந்தும் என் வேலைப்பக்கம் திரும்பவில்லை.

தொண்டைமானாற்று நீரேரியில் மீன்வலை மிதவைகள் இரண்டை நிறுத்தி மும்முறை ஓடினோம். மூன்றிலும் தோற்றேன். என் கலம் 4,260 கிராம். நண்பனது சரியாக நான்கு கிலோ. அந்த 260 கிராமே தோல்விக்குக் காரணமென்று எண்ணி, வீட்டிற்கு வந்து வங்குகளைச் சுரண்டத் தொடங்கினேன். அப்போதுதான் பின்னால் அம்மப்பாவின் குரல் கேட்டது.

"பாரத்தை ஏன் குறை சொல்லுறாய்? அது எப்பிடி ஓடிச்சுது எண்டு சொல்லு."

சொன்னேன். காற்று வலுக்குந்தோறும் கலம் காற்றை நோக்கித் திரும்பியது. நேரே செலுத்துவதற்குச் சுக்கானை இடைவிடாது மறுபக்கம் பிடிக்க வேண்டியிருந்தது.

"பாய்மரம் பின்னுக்கு நிக்குது. முன்னுக்கு அரை அங்குலம் தள்ளு. சுக்கான் திருப்பிற ஒவ்வொரு தரமும் நீ தண்ணியைத் தடுக்கிறாய், மோனை."

பாயில் காற்று அழுத்தும் இடம், நீருள் அடித்தகடு எதிர்த்து நிற்கும் இடத்துக்கு மிகப் பின்னே அமைந்தால், கலத்தின் முகம் காற்றை நோக்கித் திரும்பும். இதனை நான் நூலிற் படித்திருந்தேன். என் கலத்திற் காணவில்லை. பட்டத்துக்கு முச்சை கட்டத் தெரிந்த ஊரிற் பிறந்தும் எனக்கு அது தோன்றாமற் போயிற்று. அவரோ நீரேரிக்கு வராமலே கண்டுகொண்டார். பழைய துளையை அடைத்து, அவர் விரல் வைத்த இடத்திலே புதிய துளை இட்டேன்.

அடுத்த கிழமை சோளகக் காற்று நன்கு வீசியது. மூன்று ஓட்டங்களுள் ஒன்றை வென்றேன். ஏனைய இரண்டிலும் ஒரு கலநீளத்தாலே தோற்றேன். 260 கிராம் அப்படியேதான் இருந்தது. ஆனால் விரல் சுக்கான் விசையைத் தொடாதிருக்கவும் கலம் தன் வழியே நேராகச் சென்றது. கரையில் நின்று எத்தனை கட்டளை இட்டாலும், அவை சுக்கானையும் பாய்க்கயிற்றையும் அன்றி வேறெதனையும் அசைப்பதில்லை. காற்றுக்குக் கட்டளையிட எக்கருவியும் இல்லை. ஆகவே, மிகக் குறைந்த கட்டளையைக் கேட்கும் கலமே மிகச் சிறந்த கலம். பந்தயக் கலத்தைத் தேர்வோர்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே.

அன்று மாலை ஈரக்கலத்தை முற்றத்திற் கவிழ்த்து வைத்தேன். அம்மப்பா குனிந்து அதன் அடிவயிற்றைத் தடவினார். அணியத்தருகே ஓரிடத்தில் விரல் நின்றது. "இதிலை வளைவு பிழை. அடுத்ததுக்குச் சொல்லித்தாறன். கொப்பி ஒண்டு கொண்டா" என்றார்.

கொப்பியின் முதற் பக்கத்தில் எண் ஏதும் இல்லை. அவர் கைச்சாண் அளவிலே சொன்னவை மட்டுமே உள்ளன. அவற்றை மில்லிமீற்றராக மாற்றும் முயற்சியில் இப்போது ஈடுபட்டிருக்கிறேன்.