சிக்கு எடுக்கும் கை

சிக்கு வேறு, முடிச்சு வேறு. தறி வேலை பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பருத்தி நூல் சிட்டம் என்பது 840 கெஜ நூலை வட்டமாகச் சுற்றி, தலைநுனியையும் கடைநுனியையும் கட்டி வைத்திருப்பது. நுனி எந்த வளையத்துக்குள்ளும் நுழையாதவரை அதில் முடிச்சு விழ வழியே இல்லை. பார்க்க எவ்வளவு மோசமாக இருந்தாலும், வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். அவசரப்பட்டு நுனியை உருவி இழுக்கும்போதுதான் சிக்கு முடிச்சாகிறது.

சிக்குக்குக் காரணம் நூலின் முறுக்கு. ஓர் இழையை இழுத்துப் பிடித்து, இரு நுனிகளையும் மெல்ல அருகே கொண்டுவாருங்கள். நடுவில் தானாகச் சுருண்டு குட்டிப் பின்னல் விழும். தளர விட்ட முறுக்கு நூல் பெரும்பாலும் இப்படித்தான். சாயம் போடும்போது சிட்டத்தின் குறுக்கே போடுகிற கட்டிலும் பக்குவம் வேண்டும். கட்டு இறுகினால் அந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெளுத்து நிற்கும். தொளதொளத்தால் இழைகள் இடம் மாறிவிடும். கஞ்சி போட்ட நூலை உதறாமல் காயவிட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும்.

சிட்டத்தை இரண்டு கையிலும் மாட்டி, வெளிப்பக்கமாக வெடுக்கென்று உதற வேண்டும். கொஞ்சம் சுற்றித் திருப்பி மறுபடி உதற வேண்டும். பாதிச் சிக்கு அதிலேயே போய்விடும். மீதிக்கு, சிட்டத்தை விரித்து மாட்டிச் சுழற்றும் பரிவட்டத்தில் மாட்டி, இழை எங்கே பிடிக்கிறதோ அந்த இடத்தை விரலால் அகட்டிவிட வேண்டும். ராட்டை சுற்றும் எங்கள் அத்தை, “இழுக்காத கண்ணு, அகட்டு” என்பார். அதற்கு மேல் பாடம் இல்லை.

பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளில், விழும் சிக்குக்கு மட்டும் பொறுமை காட்டக் கூடாது. அறுந்த இழை பக்கத்து இழைகளைச் சுற்றிக்கொண்டால் பாவு சரியாகப் பிரியாது. ஊடை நூலோடு குறுக்கே ஓடும் நாடா நடுவே மாட்டி, ஒரே அடியில் பல இழைகளை அறுத்துவிடும். அதனால் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி உடனே பிணைத்துவிட வேண்டும்.

தறிவீட்டில் ‘சிக்கு’ என்ற சொல் நாள் முழுக்கப் புழங்கும். நூலில் சிக்கு விழும், கூலிக் கணக்கில் சிக்கல் வரும், கடனில் சிக்கிக்கொள்வோம். அலைந்து தேடிய நிறத்தில் நூல் கிடைத்தாலும், “சிக்கிருச்சு” என்று மகிழ்வோம். வாசலில் போடும் சிக்குக் கோலத்திலோ சிக்குவதுதான் அழகு; புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் கம்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்.

புதிதாகத் தறியில் உட்காருகிறவர்களுக்கு ஒரு சொல்: கத்தரியை எடுக்குமுன் இன்னொரு முறை உதறிப் பாருங்கள். வெட்டினால் அந்த இழையைப் பிணைத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பிணைப்பு துணியில் கடைசிவரை நிற்கும்.