இடப்பக்கம், வலப்பக்கம்

"டீச்சர், என் போன்ல இந்த வசனம் இல்ல."

திடப்படுத்தல் வகுப்பில் அன்றைக்குத் திரித்துவப் பாடம். யோவானின் முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். பிதா, வார்த்தை, ஆவி ஆகிய மூவர் பரலோகத்தில் சாட்சி சொல்வதாகவும், அந்த மூவரும் ஒன்று என்றும் சொல்லும் வசனம். என் மடியில் கறுப்பு அட்டை போட்ட பழைய திருப்புதல் வேதாகமம். பையன் போனில் திறந்து வைத்திருந்தது 1995-இல் வெளிவந்த திருவிவிலியம். அதிலும் சாட்சிகள் மூன்றுதான். ஆனால் அவை ஆவி, நீர், இரத்தம். பிதாவையும் வார்த்தையையும் காணோம்.

அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் இருபது வருஷமாக அந்தப் பாடத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். "அடுத்த வாரம் பாப்போம்டா" என்று மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். அந்த வாசகம் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் கிடையாது. லத்தீன் வழியாக உள்ளே வந்தது. 1516-இல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை. 1519 பதிப்பிலும் இல்லை. கண்டனம் கிளம்பியது. அந்த வாசகத்தோடு ஒரு கிரேக்கப் படியும் அவர் முன் வைக்கப்பட்டது. 1522 பதிப்பில் சேர்த்துவிட்டார். அந்த அச்சு மரபில் வந்த மூலத்தைப் பார்த்து மொழிபெயர்த்தவர்கள் எல்லோருக்கும் அந்த வசனம் கூடவே வந்தது. 1871-இல் முடிந்த, ஹென்றி பவர் குழுவின் தமிழ் வேதாகமத்துக்கும் வந்தது. அந்தப் பழைய திருப்புதலைத்தான் நம் ஊர்க் கோயில்களில் இன்றைக்கும் வாசிக்கிறோம்.

அப்படியானால் திரித்துவம் பொய்யா? அந்த வாரம் முழுக்க நான் இந்தக் கேள்வியோடுதான் கிடந்தேன். அந்த வசனத்தைப் பெயர்த்து எடுத்த பிறகும் மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் பிதா, குமாரன், ஆவி என்ற மூன்று பெயரிலும் ஞானஸ்நானம் கொடுக்கும் கட்டளை இருக்கிறது. தோமா இயேசுவைப் பார்த்துத் தேவனே என்று கூப்பிடும் இடம் இருக்கிறது. பிதா என்னைவிடப் பெரியவர் என்று இயேசு சொல்வதும் இருக்கிறது. அந்த நாள் குமாரனுக்கும் தெரியாது என்று மாற்கு எழுதியதும் இருக்கிறது. திரித்துவம் என்ற சொல்தான் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை எங்குமே இல்லை. மரம் வேதாகமத்து மரம். இழைத்து, துளைபோட்டு, பொருத்தியது 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய தச்சர்கள். பொருத்து நன்றாகவே விழுந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் வீடு காட்டில் அப்படியே முளைத்தது என்று இனிமேல் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நீள நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் நாங்கள் சொல்வது: விசுவாசப் பிரமாணம், ஞானோபதேசம், பிரசங்கத்தில் காதில் விழுவது, கல்லறைத் தோட்டத்தில் பாடுவது. வலப்பக்கம் வேதாகமத்தில் இருப்பது. ஒரே ஒரு கண்டிப்பு வைத்தேன். அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை சத்தமாக வாசிக்காமல் வலப்பக்கத்தில் யாரும் பென்சில் வைக்கக்கூடாது. வசனம் தேடித் தரும் செயலி இருக்கிற காலத்தில் பிள்ளைகளுக்கு இது பெரிய தண்டனை. எனக்கும்தான்.

இதில் கலகம் ஒன்றும் இல்லை. எங்கள் சபைக்குத் தாய்வீடான இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளில் ஆறாவது, வேதாகமத்தில் இல்லாததையும் அதைக்கொண்டு நிரூபிக்க முடியாததையும் இரட்சிப்புக்கு அவசியம் என்று யார்மேலும் சுமத்தக்கூடாது என்கிறது. அப்போதும் எந்த வேதாகமம் என்ற கேள்வி நிற்கும். என் சம்பந்தி வீட்டார் கத்தோலிக்கர். உத்தரிக்கிற ஸ்தலம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு கல்யாண வீட்டில் நான் சம்பந்தியிடம் கொஞ்சம் எகத்தாளமாகவே கேட்டுவிட்டேன். அவர் பதறாமல், மரித்தவர்களுக்காக ஜெபம் பண்ணுகிற இடம் மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது என்றார். என் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், அவருடையதில் 73. பட்டியல் வேறாக இருக்கும்போது "வேதத்தில் இல்லை" என்று நான் அடித்துப் பேசியது அரைகுறைப் பேச்சு. பந்தியில் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

சில பக்கங்கள் சீக்கிரம் நிரம்பின. சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. டிசம்பர் 25 எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. இதில் எல்லாம் பெரிதாக ஒன்றும் போய்விடாது.

ஓய்வுநாள் பக்கம் அப்படியில்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பையே 'ஓய்வுநாள் பள்ளி' என்று சொல்லிப் பழகியவர்கள். பெயரிலேயே ஒரு உபதேசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேதாகமத்தின் ஓய்வுநாள் வெள்ளி மாலையில் தொடங்கிச் சனி மாலையில் முடிவது. வாரத்தின் முதல் நாளில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடியதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆனால் ஓய்வுநாள் ஞாயிறுக்கு மாறிவிட்டது என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையைப் பொது ஓய்வாக ஆக்கியது 321-இல் கான்ஸ்டன்டைன் போட்ட ஆணை. இதை எங்கள் பக்கத்திலேயே ஒருவர் எப்போதோ கண்டுபிடித்துக் கேட்டுவிட்டார். 1857-இல், நாசரேத் வட்டாரத்தில், மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச் சபை கண்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளை. வெள்ளைக்காரர் வழக்கம் எது, வேதம் எது என்று பிரித்துக் காட்டுகிறேன் என்று இறங்கியவர் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார், ஆராதனையில் தூபம் வைத்தார், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளை ஆசரித்தார். அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் பதிலில் அவரோடு நான் இல்லை. எருசலேம் சபை புறஜாதியாருக்கு எழுதிய கடிதத்தில் ஓய்வுநாள் கிடையாது. ஓய்வுநாளைக் குறித்து யாரும் உங்களைக் குற்றப்படுத்த இடம் கொடுக்காதீர்கள் என்ற கருத்தில் பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார். சனிக்கிழமை எங்களைக் கட்டாது. அதே நியாயத்தில், ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தவனை நான்காம் கற்பனையைச் சொல்லி மிரட்டவும் எங்களுக்கு வழியில்லை.

ஆத்துமா என்ற பக்கத்தில்தான் நான் அதிக நாள் நின்றேன். எபிரெயத்தில் நெஃபெஷ் என்று ஒரு சொல். தொண்டை, மூச்சு, உயிர், ஆள் என்று பல அர்த்தம் கொண்டது. எண்ணாகமத்தில் ஓரிடத்தில் பிணத்துக்கே அந்தச் சொல் வருகிறது. லேவியராகமம் பதினேழாம் அதிகாரம், பதினோராம் வசனத்தைப் பழைய திருப்புதலில் பாருங்கள். ஒரே வசனம், ஒரே எபிரெயச் சொல். முதலில் 'உயிர்' என்று வரும், அடுத்த மூச்சில் 'ஆத்துமா' என்று வரும். உயிர் என்றால் நமக்குப் போகக்கூடியது. ஆத்துமா என்றால் போகாதது, அழியாதது. அந்த அழியாமையை எபிரெயச் சொல் கொண்டுவரவில்லை. ஆத்மா என்று நம் மண்ணில் ஏற்கெனவே புழங்கிய சொல் தன் கையோடு கொண்டுவந்தது. பாவம் செய்கிற ஆத்துமா சாகும் என்று எசேக்கியேல் சொல்லும்போது பிள்ளைகள் முழிப்பது அதனால்தான். நரகமும் அப்படித்தான். எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்த கெஹன்னாவுக்கும் நரகம், பேதுரு ஒரே ஒருமுறை எழுதும் தார்த்தருவுக்கும் நரகம். ஷியோல், ஹாதேஸ் இரண்டுக்கும் பெரும்பாலும் பாதாளம். பிரசங்கத்தில் எல்லாம் ஒரே அடுப்பாகிவிடுகிறது.

எங்கள் ஊர்த் துக்க போஸ்டரைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று இருக்கும். கீழே 'பரலோக வீட்டை அடைந்தார்' என்றும் இருக்கும். தூங்குகிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா? பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது நித்திரை என்கிறார். பிலிப்பியருக்கு எழுதும்போது பிரிந்துபோய்க் கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்கிறார். போஸ்டர் அச்சடித்தவர் இரண்டையும் போட்டது ஒருவிதத்தில் வேதாகமத்துக்கு நெருக்கம்தான்.

இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு சாவு. மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அந்த வீட்டு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அவிய இப்ப எங்க டீச்சர் இருக்காவ?" நெஃபெஷ், ஷியோல் எல்லாம் என் நாக்கு நுனியில்தான் இருந்தன. "கர்த்தர்கிட்ட இருக்காவ ஆச்சி" என்றேன். தூக்கம் என்று வாசித்தாலும், பரதீசு என்று வாசித்தாலும் அந்த வார்த்தை பொய்யாகாது. நோட்டை எப்போது மூடி வைக்க வேண்டும் என்பதும் இந்தத் தொழிலில் பாதி.

தசமபாகத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இடப்பக்கம் எழுதுவது சுலபம்: மாசச் சம்பளத்தில் பத்தில் ஒன்று, கவரில் போட்டு, பெயர் எழுதி. ஆதாரம் மல்கியா, மூன்றாம் அதிகாரம், பத்தாம் வசனம். மல்கியா மொத்தமே நான்கு அதிகாரம், உட்கார்ந்தால் கால் மணி நேரம். வாசித்தோம். முதல் அதிகாரமே ஆசாரியர்களுக்கு விழும் அடி. பத்தாம் வசனத்துக்கு ஐந்து வசனம் முன்னால் கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்கள், விதவையை ஒடுக்குகிறவர்கள்மேல் தீர்ப்பு. இது கவர் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்படுவதை நான் கேட்டதில்லை.

பிறகு உபாகமம் பதினான்காம் அதிகாரம். விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு தேவன் தெரிந்துகொண்ட இடத்துக்குப் போய் அங்கே குடும்பத்தோடு சாப்பிட வேண்டும். வழி தூரமா? பணமாக்கிக்கொண்டு போய், மனசு ஆசைப்படுவதை அங்கே வாங்கலாம். ஆடு, மாடு, திராட்சரசம் என்று போகும் பட்டியலில் மதுபானமும் இருக்கிறது. வகுப்பில் ஒரே சிரிப்பு. ஊரில் மதுவிலக்குக் கூட்டம் போட்டவளே நான்தான். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஊர் வாசலில் வைக்கப்பட வேண்டும். லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை வந்து திருப்தியாகச் சாப்பிட.

"டீச்சர், இது நம்ம அசனம்லா?" என்றாள் ஒருத்தி.

எனக்குச் சட்டென்று உறைத்தது. பிரதிஷ்டைப் பண்டிகை முடிவில் எங்கள் கோயில் வளாகத்தில் நடக்கும் அசனம். வீட்டுக்கு வீடு அரிசி, தேங்காய் வரும். நேர்ந்துவிட்ட கிடாய்கள் வரும். முந்தின நாள் ராத்திரியே வெங்காயம் உரிக்க உட்காருவோம். விடிகாலையில் வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோலக் கொட்டி ஆற வைப்பார்கள். அதிலிருந்து எழும் ஆவியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. பக்கத்து ஊர்க்காரர், கோயில் கொடை நடத்துகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லோருக்கும் பந்தி உண்டு. தசமபாகத்துக்கு வசனம் தேடி அலைந்த நாங்கள், உபாகமத்தின் தசமபாகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்றை எந்த வசனமும் சொல்லாமலே நடத்திக்கொண்டிருந்தோம். பவுல் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கும்போது பத்தில் ஒன்று என்ற பேச்சையே எடுக்கவில்லை; அவனவன் மனசில் தீர்மானித்தபடி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கவர் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை, நானும் போடுகிறேன். கொடுக்காதவன் தேவனைக் கொள்ளையடிக்கிறான் என்று பீடத்திலிருந்து சொல்லும்போதுதான் எனக்கு மல்கியாவின் மற்ற மூன்று அதிகாரங்களும் காதில் கேட்கின்றன.

இதை எல்லாம் எழுதும்போது நானே பெரிய நியாயாதிபதி மாதிரித் தெரியலாம். முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். சபை தப்பு என்று காட்ட வசனம் தேடினால் வேண்டிய மட்டும் கிடைக்கும். சபை சரி என்று காட்டத் தேடினாலும் கிடைக்கும். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான் என்றால், ஒருவருக்கு அந்த வீட்டில் தொட்டில் தெரிகிறது. இன்னொருவருக்கு எல்லோரும் மீசை வைத்தவர்கள். லூக்கா இரண்டையும் எழுதவில்லை. அந்த வரிக்கு நேரே வலப்பக்கத்தில் 'தெரியாது' என்று என் கையாலேயே எழுதினேன். எழுத மனசு வர ஒரு மாதம் ஆயிற்று.

போன வருஷம், அசனத்தை நினைவுபடுத்திய அந்தப் பெண் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிவிட்டாள். "எப்பவும் இடப்பக்கம் முதல்ல எழுதுறோம். வலப்பக்கம் முதல்ல எழுதினா என்ன டீச்சர்?" ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்து, அது சத்தமாகச் சொல்வதை எழுதிவிட்டு, அதற்கு நம் சபையில் உபதேசம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. யாக்கோபின் நிருபத்தை எடுத்தோம். இரண்டாம் அதிகாரத்தில் பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், அழுக்கு வஸ்திரக்காரனுக்கு நில் அல்லது கால்பக்கத்தில் உட்கார். ஐந்தாம் அதிகாரத்தில் வயல் அறுத்தவர்களின் கொடுக்காத கூலி கூக்குரல் இடுகிறது. வலப்பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போனது.

அவள் இடப்பக்கத்தைத் தொட்டுக்காட்டினாள். "அசனத்துல பள்ளிக்கூட ரூமுக்குள்ள நாற்காலி, ஃபேன் போட்டு ஒரு பந்தி நடக்குல்லா. மத்தவங்க எல்லாம் வெயில்ல வரிசை. அத இங்க எழுதலாமா?"

எழுதச் சொன்னேன். பேனாவில் எழுதினாள்.

இந்த வருஷ அசனக் கமிட்டி வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடுகிறது. நோட்டை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.