முத்தும் காற்றும் முதலாம் வருடமும்

"இப்போதுதானே பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்திருக்கிறார்கள். அதற்குள் தொழில், தொழில் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?" என்று ஆசிரிய நண்பரொருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். மன்னாரிலிருந்து முதலாம் வருடத்துக்குச் சென்றுள்ள மாணவர்கள் சிலருடன் விடுமுறையில் உரையாடிவிட்டு வந்திருந்தேன். அதுபற்றி அவருக்குச் சொன்னபோது வந்த கேள்வி அது. நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கான என் பதிலும் மன்னார் மண்ணிலிருந்தே வருகிறது.

மன்னாரின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் அள்ளப்பட்டன. அந்த மகிழ்ச்சியில் 1906இல் முத்துப் பார்களை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது ஒரு பிரித்தானியக் கம்பனி. அடுத்த சில வருடங்களிலேயே பார்கள் வெறுமையாகின. 1912இல் கம்பனியும் கலைக்கப்பட்டது. 1914இல் தலைமன்னாருக்கு வந்த ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் இத்தீவை இந்தியாவின் வாசலாக்கின. 1964இன் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் யுத்தம் ரயிலை நிறுத்தியது. அந்த ரயில் மீண்டும் தலைமன்னாரை அடைய 2015 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2011இல் மன்னார்ப் படுகையில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்ட செய்தி வந்தபோது, வீட்டுக்கு ஒரு எண்ணெய்ப் பொறியியலாளர் என்று ஊரே கனவு கண்டது. 2015இல் அந்தக் கம்பனி விலகிக்கொண்டது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் சுழலத் தொடங்கின. அவற்றின் கொள்ளளவு 103.5 மெகாவாட். 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் வீதியில் அமர்ந்திருந்தனர்.

இவ்வளவையும் ஏன் அடுக்குகிறேன் என்றால், வெளியிலிருந்து வரும் வாய்ப்பு எதுவும் இந்தக் கரையில் நிரந்தரமாகத் தங்கியதில்லை. ஆகவே "நான் படித்து முடிக்கும்போது ஏதாவது வரும்" என்பது மற்ற மாவட்டத்துப் பிள்ளைக்கு ஓரளவு பொருந்தினாலும், மன்னார்ப் பிள்ளைக்குப் பொருந்தாது.

நான் சந்தித்தவர்களுள் ஒருவர் கடற்றொழிலாளியின் மகள், கலைப்பீட மாணவி. "முதலாம் வருசம்தானே ஐயா, எல்லாம் கடைசி வருசத்தில பாத்துக்கொள்ளலாம் எண்டு அக்காமார் சொல்லினம்" என்றார். நான் கேட்டேன்: "பிள்ளை, சிறப்புப் பட்டத்துக்கு எந்தப் பெறுபேற்றை வைத்துத் தெரிவு செய்வார்கள் என்று விசாரித்தீர்களா?" விசாரித்திருக்கவில்லை.

விடயம் இங்கேதான் இருக்கிறது. எமது கலைப்பீடங்களில் பொதுவாக முதலாம் வருடத்தில் சில பாடங்களைப் படிக்கவேண்டும். அந்த வருடப் பெறுபேறுதான் எவர் நான்கு வருடச் சிறப்புக் கலைமாணிக்குப் போவார், எவர் மூன்று வருடப் பொதுக் கலைமாணியுடன் வெளியேறுவார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. விரிவுரையாளராக வேண்டுமென்ற கனவு அந்த இடத்திலேயே திறக்கிறது அல்லது மூடுகிறது. பகிடிவதையிலும் வரவேற்பு விழாக்களிலும் கரைந்துபோகும் முதல் ஆறு மாதங்களின் விலை இதுதான். கடைசி வருடத்தில் விழித்துக்கொள்பவர் ஏற்கனவே மூடப்பட்ட கதவைத் தட்டுகிறார்.

மருத்துவம், பொறியியல் போன்ற பீடங்களுக்குச் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக அனுமதியில் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமை, 55 விழுக்காடு மாவட்ட ஒதுக்கீடு, 5 விழுக்காடு கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. இடம்பெயர்ந்து, மரத்தடியில் படித்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு அது உரிமை. ஆனால் அந்த ஒதுக்கீடு வாசல் வரைக்கும்தான். உள்ளே போனதும் கொழும்புப் பிள்ளைக்கும் மன்னார்ப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்.

அடுத்தது, அரசாங்க வேலை. வேலையற்ற பட்டதாரிகள் 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். 2020இல் அரசாங்கம் பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக உள்வாங்கியது. மாதக் கொடுப்பனவு இருபதாயிரம் ரூபா. அவர்களுள் பலருக்கு என்ன வேலை கொடுப்பதென்றே அலுவலகங்களுக்குத் தெரியவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்தக் கதவும் இறுகிவிட்டது. பட்டம் வாங்கினால் அரசாங்கம் கூப்பிடும் என்பதை இனி ஒரு திட்டமாகக் கொள்ள முடியாது.

அப்படியானால் என்னதான் செய்வது? நான் அறிந்தவரை, மொழியிலிருந்து தொடங்கவேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேராதனையில் நான் கலைப்பீட மாணவன். விடுதி அறைத் தோழர் மாத்தளைச் சிங்களவர். முதலாம் வருடம் முழுவதும் அவருக்கு நான் தமிழும் எனக்கு அவர் சிங்களமும் சொல்லிக்கொடுத்தோம். கொழும்பில் ஒரு பத்திரிகை எனக்கு முதல் வேலை தந்தது கவிதை எழுதியதற்காகவல்ல. சிங்கள அறிக்கையைத் தமிழில் அரைமணி நேரத்தில் தரக்கூடியவன் என்பதற்காக. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்வோர் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி வந்தது. ஆங்கிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, படிக்கும் பாடத்தை ஊரின் தேவையோடு பொருத்திப் பார்ப்பது. பெரிய திட்டமொன்றுக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல முப்பது வேலை நாட்கள் தரப்படும். அந்தத் தடித்த அறிக்கையை வாசித்து, வரைபடத்தைப் புரிந்து, பேசாலை மீனவருக்கு அவர் தமிழில் விளக்கக்கூடிய புவியியல் பட்டதாரி எத்தனை பேர் இருக்கிறார்கள்? வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது. அங்கு வரும் வலசைப் பறவைகளைப் பற்றிப் பயணிகளுக்குச் சொல்லக்கூடியவர் யார்? புவியியல் தகவல் முறைமை, மொழிபெயர்ப்பு, புள்ளிவிபரவியல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றையாவது பட்டத்தோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளலாம். பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் பிரிவு உண்டு. அதன் கதவைக் கடைசி வருடத்தில்தான் தட்டவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மூன்றாவது மிக எளிது. உங்கள் துறையில் பட்டம் பெற்று மூன்று வருடம் கழிந்த ஐந்து பேரைத் தேடிப் பிடியுங்கள். இப்போது என்ன செய்கிறார்கள், எதைக் கற்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று கேளுங்கள். பேராசிரியர்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பதினெட்டு, இருபது வயதில் வாழ்க்கை முழுவதையும் வரைந்துவிட எவராலும் முடியாது. விருப்பம் மாறும், மாறவும் வேண்டும். இலக்கியம் படிக்க விரும்புபவர் இலக்கியமே படிக்கட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: எந்தக் கதவு எப்போது மூடும் என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். முத்தும் ரயிலும் காற்றாலையும் வரும், போகும். கற்ற மொழியும் கைவந்த தொழிலும் நீங்கள் எந்தக் கரைக்குப் போனாலும் கூடவே வரும்.